படம் சொன்ன இடத்துக்குப் போன பள்ளிக்கூடம்

"ரீச்சர், எங்கட ஊரைக் காணேல்லை."

பிலோமினா தேசப்படத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். மற்றப் பிள்ளைகள் அவளுடைய முதுகில் தொங்காத குறையாக எட்டிப் பார்த்தார்கள். படம் புத்தம் புதியது. கல்விக் கந்தோரில் இருந்து அப்போதுதான் வந்திருந்தது. சுவரில் மாட்டலாம் என்றால் எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் கிடையாது, தென்னோலைக் கிடுகுத் தட்டிதான். அதனால் பிள்ளைகள் இருக்கும் வாங்கின் மேல் விரித்து, மூலைக்கு ஒரு சங்காகப் பாரம் வைத்திருந்தேன்.

"வடிவாப் பார். கடற்கரையோரமாப் பார்," என்றேன்.

"பார்த்திட்டன் ரீச்சர். பேசாலை இருக்குது. தலைமன்னார் இருக்குது. கோச்சிப் பாதை இருக்குது. எங்கட ஊர் இருக்கிற இடத்தில ஒண்டுமில்லை, வெள்ளைக் கடதாசிதான் இருக்குது."

பிலோமினாவுக்கு அப்போது பத்து வயது இருக்கும். பிழை பிடிப்பதில் பிறவிக் கெட்டிக்காரி. பூசை வைக்க வந்த சுவாமியாரையே வாசலில் மறித்து, "ஒரு மந்திரத்தை விட்டிட்டியள் சுவாமி" என்று சொன்னவள். ஆகவே அவள் பேச்சை நான் நம்பவில்லை. நானே குனிந்து தேடினேன். உண்மைதான், ஊர் இல்லை.

"இஞ்ச கிடக்குது ரீச்சர்!" என்று இன்னொரு பிள்ளை கத்தியது. "கீழ கிடக்குது!"

மன்னார்த் தீவின் மற்றக் கரையில், கோச்சி ஓடும் தண்டவாளத்துக்கும் அப்பால், தென்கடலோரமாக எங்கள் ஊரின் பெயர் இங்கிலீசில் அச்சாகியிருந்தது. பக்கத்தில் கோவிலுக்கு ஒரு சிலுவை. அதற்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சின்னக் கட்டம். நாங்கள் அப்போது இருந்ததோ வடகரை. எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் நின்றுகொண்டே, அது இரண்டு மூன்று மைலுக்கு அப்பால் இருப்பதாகப் படத்தில் பார்த்தோம்.

காற்றுக்குத் தக்க ஊர்

போன கிழமை இந்தப் பத்தியில் நான் கழுதைகளைப் பற்றி எழுதியதை வாசித்த ஒருவர், "மன்னாரில் மனிதர்களே கிடையாதா?" என்று கேட்டு அட்டை போட்டிருக்கிறார். மனிதர்கள் இருக்கிறார்கள் ஐயா. ஒரே இடத்தில் இருக்கமாட்டார்கள், அவ்வளவுதான். அதை இங்கே விளக்காமல் மேலே போக முடியாது.

அது வெள்ளைக்காரன் ஆண்ட காலம். நான் மன்னார்ப் பட்டினத்தில் இருந்து அந்தச் சின்ன ஊருக்குப் போன புது ரீச்சர். பள்ளிக்கூடம் முழுவதற்கும் நான் ஒருத்திதான். ஊரார் எல்லோரும் கத்தோலிக்கர், கரைவலை இழுப்பவர்கள். வைகாசியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்றுத் தொடங்கினால் தென்கடல் பேயாடும், வடகடல் குளம் மாதிரிக் கிடக்கும். மழைக்காலத்தில் வாடை வந்தால் எல்லாம் மறுபக்கம். வடகடல் குமுறும், தென்கடல் சாதுவாகிவிடும். எந்தக் கடல் சாதுவாக இருக்கிறதோ அந்தக் கரையில் ஊர் இருக்கும்.

ஊர் என்றால் முழு ஊரும்தான். வலை, தோணி, பானை சட்டி, கோழிக்கூடு, கூரைக் கிடுகு எல்லாம் போகும். அந்தோனியார் சுரூபத்தைக் கோவில் மூப்பர் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடப்பார். பள்ளிக்கூடமும் பின்னால் போகும்.

நான் போன புதிதில், "பள்ளிக்கூடத்தையுமோ தூக்கிறது?" என்று வாயைப் பிளந்தேன்.

வலைகளுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பிள்ளையள் அந்தக் கரையில. பள்ளிக்கூடம் இந்தக் கரையில தனிய இருந்து என்ன செய்யப்போகுது ரீச்சர்?" என்று கேட்டார்.

படம் கீற வந்த அளவைத் துரை வாடைக்காலத்தில் வந்து சேர்ந்தார். சங்கிலி, வெள்ளைக் குடை, மடக்கு மேசை, தனிச் சமையற்காரன் என்று ஒரு பட்டாளமே கூட வந்ததாம். சம்மாட்டியார் அவருக்கு விளைமீன் குழம்பும் சோறும் கொடுத்து அசத்திவிட்டார். சாப்பிட்ட களைப்பில் துரை, "இதுதானோ உங்கள் ஊர்?" என்று கேட்டாராம். சம்மாட்டியார் "ஓம்" என்றாராம்.

அவர் பொய் சொல்லவில்லை. அந்தோனியார் எங்கே இருக்கிறாரோ அதுதான் ஊர். அன்றைக்கு அவர் தென்கரையில் இருந்தார். துரை பிறகு வடகரைக்கும் போய்ப் பார்த்தாராம். அங்கே கூரை கழற்றிய கம்புகளும் இரண்டு கழுதைகளும்தான் நின்றன. கழுதைகளுக்குப் படத்தில் இடம் இல்லையாக்கும், வெறுமையாக விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஒல்லாந்தர் கீறிய மீன்

என்னிடம் இன்னொரு படமும் இருந்தது. சுவாமியார் தந்தது. ஒல்லாந்தர் காலத்துப் படம் ஒன்றைப் பார்த்து யாரோ கையால் கீறிய பிரதி. அதில் கடலுக்குள் ஒரு மீன் இருந்தது. மன்னார்த் தீவை ஒரே வாயில் விழுங்கக்கூடிய பருமன்.

பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மாறியிருக்கிறது என்று பிள்ளைகளைக் கொண்டு பார்க்கவைக்கவேண்டும் என்பது என் திட்டம். ஆசிரியப் பயிற்சியில் படித்த சூடு இன்னும் ஆறாத காலம். ஆனால் முதல் நாள் முழுவதும் அந்த மீன் என்ன மீன் என்ற வழக்கில் போய்விட்டது. சுறா என்றது ஒரு கட்சி. வாயைப் பார்த்தால் கொடுவா என்றது மற்றக் கட்சி. செதில் கீறின முறையே பிழை, இந்த ஒல்லாந்தன் மீனே தின்னாதவன் என்று பிலோமினா தீர்ப்புச் சொன்னாள்.

மறுநாள் ஒருவாறு ஊர் விஷயத்துக்கு வந்தோம். பழைய படத்தில் எங்கள் ஊர் வடகரையில் இருந்தது. ஊருக்கு மேற்கே கடல் உள்ளே புகுந்து ஒரு சின்னத் தொடுவாயும் இருந்தது. இப்போது அந்த இடத்தில் வெறும் மணல். "வாங்கோ, போய்த் தேடுவம்," என்று படங்களைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனேன்.

படத்தின் மேற்பக்கம் வடக்கு என்று எத்தனையோ தரம் சொல்லியிருந்தேன். ஒருவர் காதிலும் ஏறவில்லை. தோணியைக் காற்றுக்கு முகங்கொடுத்துப் பிடித்துப் பழகிய வீட்டுப் பிள்ளைகள். படத்தையும் கச்சானுக்கு முகங்கொடுத்துப் பிடித்தார்கள். அதாவது படத்தின் வடக்கு, நிலத்தின் தென்மேற்கில் போய் நின்றது. அந்தக் கணக்கின்படி நடந்த ஒரு பகுதி, சம்மாட்டியாரின் கோழிக்கூட்டுக்குள் போய் முட்டிக்கொண்டு, "தொடுவாய் இஞ்சதான் ரீச்சர், ஆனால் கோழி நிக்குது" என்று கத்தியது.

நான் தலையில் கையை வைத்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டேன். பிறகு ஒவ்வொருவரின் தோளையும் பிடித்துத் திருப்பித் திருப்பி ஒருவாறு சரியான பள்ளத்துக்குக் கொண்டுவந்தேன். கையால் கிண்டினோம். மேலே வெள்ளை மணல். முழங்கை ஆழத்தில் கறுத்த சேறும் சிப்பி ஓடும் வந்தன. பிள்ளைகள் போட்ட கூச்சலில் வலை இழுத்தவர்களும் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

"அப்ப ஒல்லாந்தன் பொய் சொல்லேல்லை," என்றாள் பிலோமினா. "புதுப் படம்தான் பொய்."

"ரெண்டும் பொய்யில்லை. அவையவை வந்த அண்டைக்குக் கண்டதைக் கீறினவை."

"அப்ப இண்டைக்கு இருக்கிறதை ஆர் கீறிறது?"

நாங்களே கீறினோம். மூன்றாவது படம் அப்படிப் பிறந்தது. வடகரையில் ஊர், பள்ளிக்கூடம், மூடிப்போன தொடுவாய் எல்லாம் அதில் இருந்தன. கோவிலைவிடப் பிலோமினாவின் வீடு பெரிதாக இருந்தது. அளந்து பார்த்துத்தான் கீறினாளாம்.

விதானையாரின் செய்தி

அந்தச் சந்தோஷம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஊர்ப் பொறுப்பான விதானையார் ஒரு நாள் வேர்க்க விறுவிறுக்க வந்து, பள்ளிக்கூடத்தைப் பரிசோதிக்கப் புது இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றார்.

பழைய இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். கோச்சியால் இறங்கியதும், "இப்ப எந்தக் கரையில நிக்கினம்?" என்று கேட்டுக்கொண்டு வருவார். புதியவர் ஒருவரிடமும் வழி கேட்கமாட்டாராம். படம்தானாம் அவருக்கு வேதம். பெருநிலப்பரப்பில் ஒரு பள்ளிக்கூடம் படத்தில் இருந்த இடத்தில் இல்லை என்று, பதிவிலிருந்து அதன் பேரையே வெட்டிவிட்டாராம்.

பேரை வெட்டினால் பள்ளிக்கூடம் முடிந்தது. பிள்ளைகள் நேரே வலைக் கயிற்றுக்குப் போவார்கள். நான் மன்னாருக்குத் திரும்பவேண்டும். அங்கே என் பெரியம்மா எனக்காக ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துவைத்திருந்தார். பல் எல்லாம் விழுந்து முடிந்த, மிகவும் பொறுமையான மாப்பிள்ளை. எத்தனை வருடமானாலும் காத்திருப்பேன் என்று சொல்லியிருந்தார்.

"நான் ஸ்ரேசனுக்கே போய் ஐயாவுக்கு விளங்கப்படுத்திறன்," என்றேன்.

விதானையார் பதறிப்போனார். "அரசாங்கத்தின்ர படம் பிழையெண்டு பத்துப்பேர் நிக்கிற இடத்தில சொல்லப்போறியளோ? உங்களையும் வெட்டி என்னையும் வெட்டுவார்!"

சம்மாட்டியார் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "இதுக்கேன் இந்தக் குழறல்? படத்தை நகர்த்தேலாது. பள்ளிக்கூடத்தை நகர்த்தலாம். வருசத்துக்கு ரெண்டு தரம் நகர்த்திறதுதானே, இன்னொருக்கா நகர்த்தினால் என்ன?"

எல்லோருக்கும் அது மிகச் சரியாகப் பட்டது. கச்சானில் தென்கரையில் மனிதன் நிற்க முடியாதே என்று நான் கத்தியது எடுபடவில்லை. மூப்பர் ஒருவர் மட்டும் மறுத்தார். "பள்ளிக்கூடம் போறதெண்டால் போகட்டும். அந்தோனியாருக்கு அங்க இப்ப ஒரு வேலையும் இல்லை. நான் தூக்கமாட்டன்," என்றார்.

வாங்குகள் பாதை கடந்தன

இன்ஸ்பெக்டர் வரும் நாள் விடிந்ததும் பள்ளிக்கூடத்தைக் கழற்றினார்கள். கம்பை நாலுபேர், கிடுகைப் பெண்கள், வாங்குகளைப் பெரிய பிள்ளைகள். என்னுடைய கதிரையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு விதானையார் வந்தார். கரும்பலகையை ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. காற்று ஏறினால் ஆளோடு தூக்கியது.

நல்ல வேளையாக, கருவாட்டு வண்டியோடு மரைக்கார் காக்கா எதிரே வந்தார். ஊர் ஊராகக் கருவாடு எடுக்கும் வியாபாரி.

"யா அல்லா! கச்சானுக்கு ஆரும் தெற்க போவாங்களா ரீச்சர்? உங்களுக்கெல்லாம் என்ன விசரா?" என்றார்.

"ஓம் காக்கா," என்றேன். அதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்கு மனம் இல்லை. அவர் தலையில் அடித்துக்கொண்டே வண்டியைத் திருப்பி, கரும்பலகையைக் கருவாட்டு மூட்டைகளுக்கு மேல் ஏற்றினார்.

கோச்சிப் பாதையைக் கடந்து முடிக்க, கோச்சி வந்தது. சன்னலுக்குச் சன்னல் தலைகள். "என்ன, கலியாணமோ?" என்று யாரோ கத்தினார்கள். சம்மாட்டியார் கையை உயர்த்தி, "ஓம், ஓம்! கலியாணம்தான்!" என்றார். மணவாட்டி மாதிரித் தலைகுனிந்து வந்தவள் நான்தான்.

மண் தின்ற பரிசோதனை

தென்கரையில் பள்ளிக்கூடத்தை ஒருவாறு நட்டு முடிக்க, இன்ஸ்பெக்டர் கோட்டும் தொப்பியுமாக மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். கையில் சுருட்டிய படம். விரித்துப் படத்தைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"சொன்ன இடத்தில நிக்கிற பள்ளிக்கூடத்தை இண்டைக்குத்தான் காணுறன்," என்றார். விதானையார் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

வாசிப்புத் தொடங்கியது. ஒரு பிள்ளை மான் கதையை எடுத்தது. வேடன் மானைத் துரத்திக்கொண்டு காட்டுக்குள் ஓடியபோது, காற்றுத் தாளைப் புரட்டிவிட்டது. பிள்ளை நிறுத்தவில்லை. "அதைப் பிடித்து, நன்றாக வெயிலில் காயவைத்து, கொட்டை நீக்கி, நூலாக நூற்கலாம்" என்று பருத்திப் பாடத்தில் முடித்தது.

இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்க வாயைத் திறந்தார். மணல் போனது. மூடினார். திரும்பத் திறந்தார், இன்னும் போனது. அப்போது கூரையிலிருந்து ஒரு கிடுகு கிளம்பியது. அதைப் பார்த்து மற்றதும் கிளம்பியது. கடைசியில் அவருடைய தொப்பியும் போனது. பள்ளிக்கூடத்தில் பாதி தொப்பிக்குப் பின்னால் ஓடி, தொப்பியையும் அதற்குள் ஒரு நண்டையும் கொண்டுவந்து பணிவாகக் கொடுத்தது.

நண்டு விரலைப் பிடித்துவிட்டது. இன்ஸ்பெக்டர் கத்தினார்: "எந்த விசரன் இந்த இடத்தில பள்ளிக்கூடம் கட்டினவன்?"

சம்மாட்டியார் வானத்தைப் பார்த்தார். விதானையார் கால் விரலைப் பார்த்தார். நான் எழும்பினேன், ஆனால் எனக்கு முந்தி பிலோமினா எழும்பிவிட்டாள்.

"கட்டேல்லை ஐயா. இண்டைக்குக் காலமைதான் தூக்கிக்கொண்டு வந்து வச்சனாங்கள்."

"ஏன்?"

"உங்கட படம் பிழைச்சுப்போயிடும் எண்டு."

அந்த நேரம் அவளைக் கிள்ளிக் கடலில் போட்டிருப்பேன். படத்தையும் நிலத்தையும் ஒப்பிட்டு உள்ளதைச் சொல் என்று மாதக் கணக்காகப் படிப்பித்தவளும் நானே. இனி யாரிடம் போய் முறையிட?

இன்ஸ்பெக்டர் வாங்குகளைப் பார்த்தார். "காலமை கோச்சியில இருந்து கண்டது இதுகளைத்தானோ? கலியாணமெண்டல்லோ சொன்னவங்கள்?"

"அது சம்மாட்டியார் சொன்ன பொய் ஐயா," என்றாள் பிலோமினா.

பிள்ளைகள் காட்டிய வழி

"அப்ப உங்கட பள்ளிக்கூடம் எங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அதற்காகவே காத்திருந்தது போல எல்லாப் பிள்ளைகளும் பாய்ந்தார்கள். மூன்று படங்களும் அவருடைய முழங்காலில் விரிந்தன. வழக்கம்போலக் கச்சானுக்கு முகங்கொடுத்துப் பிடித்தார்கள். "வடக்கை வடக்குப் பக்கம் திருப்பு," என்றார் இன்ஸ்பெக்டர். திருப்பினார்கள். படம் பட்டம் மாதிரி எழும்பி அவர் முகத்தில் ஒட்டிக்கொண்டது.

"அதுக்குத்தான் ஐயா காற்றுக்குப் பிடிச்சனாங்கள்," என்றது ஒரு பிள்ளை.

அவர் படத்தை முகத்திலிருந்து உரித்தெடுத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "நடவுங்கோ. காட்டுங்கோ," என்றார்.

நடந்தோம். இன்ஸ்பெக்டர் நடுவில், பிள்ளைகள் சுற்றிவர, அரசாங்கத்தின் தேசப்படத்தில் உள்ள பிழைகளைப் பிலோமினா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். விதானையார் மட்டும் இன்ஸ்பெக்டரின் கண்ணில் படாமல் வீட்டுக்கு நழுவிவிட்டார். பின்னால் வாங்குகள் திரும்பவும் கோச்சிப் பாதையைக் கடந்தன. தொடுவாய் இருந்த பள்ளத்தில் இன்ஸ்பெக்டர் கோட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, குந்தியிருந்து தானும் கிண்டினார். அவருக்கும் ஒரு சிப்பி ஓடு கிடைத்தது. அதைச் சட்டையில் துடைத்துப் பார்த்த முகத்தில் இன்ஸ்பெக்டரைக் காணவில்லை, யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைதான் இருந்தது.

வடகரையில் பனைகளின் மறைப்பில் காற்று அடங்கியிருந்தது. பள்ளிக்கூடம் நின்ற இடத்தில் கம்புக் குழிகள் மட்டும். நடுவில் ஒரு வாங்கை வைத்து அவரை இருத்தினோம். எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"ஐயா, எங்கட பேரை வெட்டப்போறியளோ?" என்று கேட்டேன். பிள்ளைகள் வாங்கைச் சுற்றி நெருங்கி வந்தார்கள். அவர்களுக்கும் விஷயம் தெரியும்.

"நிக்கிற பள்ளிக்கூடங்களுக்கே பிள்ளையள் வாறேல்லை எண்டு எனக்கு முறைப்பாடு," என்றார் அவர். "பள்ளிக்கூடத்தைத் தலையில வச்சுக்கொண்டு திரியிற பிள்ளையளை நான் எந்தக் கையால வெட்டுறது ரீச்சர்?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். மூக்குத் துடைத்தது இன்ஸ்பெக்டரின் கோட்டில் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் தன் படத்தை மடியில் விரித்தார். பென்சிலை எடுத்து, பிள்ளைகள் காட்டிய இடத்தில், வடகரையின் வெள்ளைக் கடதாசியில் கவனமாக ஒரு கட்டம் கீறினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். பிறகு தென்கரையில் இருந்த பழைய கட்டத்தை வெட்டப் பென்சிலைக் கொண்டுபோனார்.

"ஐயோ, வெட்டாதேங்கோ ஐயா!" என்று பிலோமினா அவர் கையைப் பிடித்துவிட்டாள். மற்றப் பிள்ளைகளும் அவர் மேல் விழாத குறை.

"ஏன்? அங்கதான் ஒண்டுமில்லையே?"

"வெட்டினால், வாடைக்கு நாங்கள் எங்க போறது?"

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். பென்சிலைத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.